எலும்பிலே பதிந்த பாட்டும் தலைகீழாய் நின்ற சைக்கிளும்

1990-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கிலே மின்சாரமின்றி இருந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எனத் தடுக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. அந்நாள்களைப் பற்றி எழுதுவோர் ஒரு காட்சியைக் குறிப்பிடாமல் விடுவது அரிது. முற்றத்திலே ஒரு சைக்கிள் தலைகீழாக நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒருவர் மிதியைக் கையாற் சுழற்றுகிறார். சில்லிலே உரசும் டைனமோவிலிருந்து வானொலிப் பெட்டிக்கோ ஒலிநாடாக் கருவிக்கோ ஒரு கம்பி ஓடுகிறது. சுற்றிலும் இருப்போர் செய்தி கேட்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள். சுழற்றுபவரின் கை சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்து இழுபடும்.

இக்காட்சியை நாம் எத்தனையோ கட்டுரைகளிலும் கதைகளிலும் படித்துவிட்டோம். படிக்குந்தோறும் நமக்கு ஒரு மனக்குறை ஏற்படுகிறது. "எங்கள் சனத்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்" என்ற பெருமிதத்தோடு அவை முடிந்துவிடுகின்றன. சாமர்த்தியம் உண்மையே. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்று. நான்கு பற்றரிகள் சேர்ந்து தருவதும் அதுவே. ஆயினும் டைனமோவின் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது. அதை ஒரே திசையில் ஓடச் செய்ய டயோட்டுகளை ஒட்டவேண்டும். இதைக் கிராமத்துப் பையன்கள் வகுப்பறைக்கு வெளியே கற்றுக்கொண்டார்கள். தீர்ந்துபோன பற்றரியை வெயிலிலே காயவைத்து மேலும் சிறிது நேரம் உயிர் வாங்கவும் கற்றுக்கொண்டார்கள். ஆனால், வறுமை மக்களைக் கெட்டிக்காரராக்குகிறது என்று சொல்லி அவ்வறுமையை விதித்தவர்களைத் தப்பவிடுகின்ற எழுத்தை நாம் முற்போக்கு எழுத்தென்று ஏற்க முடியாது. இது நமது முதலாவது கருத்து வேற்றுமை.

இரண்டாவது வேற்றுமை சற்று ஆழமானது. அத்தனை கைத்திறனும் கேட்பதற்கே பயன்பட்டதாக இவ்வெழுத்துகள் காட்டுகின்றன. குரலைப் பதிந்து வைப்பதற்கு வெறுங்கையோடு இருக்கும் மக்கள் என்ன செய்தார்கள்? யாருடைய குரலைப் பதிந்தார்கள்? இவ்வினாவை எழுப்பாமல் ஒலியின் வரலாற்றை எழுத முடியாது என்பது நமது துணிபு.

வீட்டிலே இசைத்தட்டு வெட்டிய மனிதர்கள் உலகத்தில் உளர். அவர்களுள் மிகவும் பேசப்படுபவர்கள் லெனின்கிராட் நகரத்தினர். தட்டு வெட்டும் இயந்திரத்தின் தத்துவம் கடினமானதன்று. சுழலும் தட்டின்மேல் ஓர் ஊசி. அவ்வூசியை ஒலிக்கேற்ப அதிரச் செய்யும் மின்காந்தம். ஊசியை விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சீராக நகர்த்தும் திருகாணி. இவ்வளவே. கடினமானது தட்டுக்குரிய பொருளே. முறையான ஒலிப்பதிவு நிலையங்கள் அலுமினியத் தகட்டின்மேல் நைத்திரோ செலுலோசு அரக்குப் பூச்சுப் பூசிய தட்டுகளைப் பயன்படுத்தின. யுத்த காலத்தில் அலுமினியம் விமானங்களுக்குப் போய்விடவே கண்ணாடியின் மேலும் அப்பூச்சைப் பூசினார்கள். லெனின்கிராட் இளைஞருக்கு அலுமினியமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது வைத்தியசாலைகள் கழித்த எக்ஸ்றே படம்.

1946-இல் அந்நகரத்திலே ஸ்தனிஸ்லாவ் பிலோன் என்பவர் ஒலிக்கடித நிலையம் ஒன்றை நடத்தினார். யுத்தத்தில் கைப்பற்றி வந்த ஜெர்மன் தெலிபுங்கன் இயந்திரத்தில், வருவோரின் வாழ்த்தை ஒரு சிறு தட்டிலே பதிந்து கொடுப்பது அவருடைய வெளித்தொழில். கதவடைத்த பின் நடந்தது வேறு தொழில். அவ்வியந்திரத்தைப் பார்த்து அதைப் போன்றதொன்றைத் தாமே செய்துகொண்டவர் ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி. எக்ஸ்றே படத்தைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுவிலே சிகரெட்டு நெருப்பால் துளையிட்டு, நிமிடத்திற்கு 78 சுற்று வேகத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் பாட்டைப் பதிந்தார்கள். யாரோ ஒரு நோயாளியின் விலா எலும்புகளின் மேல் பாட்டின் வரிகள் சுற்றிச் சுற்றி ஓடின. சில முறை ஓட்டினால் தேய்ந்துவிடும். சட்டைக் கைக்குள் சுருட்டி எடுத்துச்சென்று தெருமூலையில் விற்றார்கள். நாடுவிட்டுப் போன பாடகர் பியோத்தர் லெஷ்சென்கோவின் பாட்டுகள், அமெரிக்க ஜாஸ், பின்னர் ரொக் இசை ஆகியவை இவ்வாறு பரவின. பொகஸ்லோவ்ஸ்கி 1950-இல் கைதானார். ஸ்தாலின் மறைவுக்குப் பிறகு 1953-இல் வெளியே வந்தார். வந்ததும் மறுபடியும் ஊசியைக் கையிலெடுத்தார். மீண்டும் சிறை சென்றார்.

வழவழப்பான 'சோவியத் நாடு' தாளிலே பாடப்புத்தகங்களுக்கு உறை போட்டு வளர்ந்த தலைமுறையினராகிய நமக்கு இச்செய்தி உவப்பானதன்று. அதனாலேயே அதை இங்கே எழுதுகின்றோம். உழைக்கும் மக்களின் பெயரால் ஆண்ட ஓர் அரசு, பாட்டைப் பிரதி செய்தமைக்காக ஒரு தொழிலாளியைச் சிறையிலிட்டது தவறு. அதற்கு வரலாற்று நியாயம் தேடி அலைய வேண்டியதில்லை. இதே சமயத்தில், இன்று மேற்கு நாட்டுக் கண்காட்சிகளிலே அவ்வெலும்புத் தட்டுகளை ஒளியூட்டி மாட்டிவைத்துச் சுதந்திரத்தின் சின்னமென்று கொண்டாடுவோரோடும் நாம் முழுதும் உடன்படவில்லை. அத்தட்டுகளிலே மிகப் பெரும்பாலானவை ஏற்கெனவே வேறெங்கோ கம்பனிகள் வெளியிட்ட பாடல்களின் பிரதிகள். அரசு மறுத்ததை மக்கள் எடுத்துக்கொண்டார்கள், அம்மட்டிலே பெரிது. ஆனால் அப்படத்துக்குரிய நோயாளியின் குரலோ, அவருடைய கிராமத்துத் தாயின் குரலோ அவற்றில் ஏறவில்லை. கருவி கையிலிருந்தும், எது பதியத் தகுந்தது என்ற தீர்ப்பு வேறிடத்திலிருந்தே வந்தது.

அத்தீர்ப்பு நம் பக்கத்திலும் கம்பனிகளிடமே இருந்தது. 78 சுற்று இசைத்தட்டின் உடம்பு நமது துணைக்கண்டத்துப் பொருள்: பீகார், வங்காளக் காடுகளில் பூச்சி சுரக்கும் அரக்கோடு கற்பொடியும் கரியும் கலந்து அழுத்தியது. அவ்வரக்கு கப்பலேறிச் சென்று உலகமெங்கும் தட்டாகியது. 1908-இல் கல்கத்தாவிலும் தொழிற்சாலை எழுந்தது. இரண்டாம் உலக யுத்தத்திலே அரக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1942-இல் அமெரிக்கக் கம்பனிகள் பழைய தட்டைக் கொடுத்தாற்றான் புதிய தட்டு என்றன. பழைய பாட்டை அரைத்துப் புதிய பாட்டுக்கு உடம்பாக்கினார்கள். (பாண்டவரை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகைக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அரக்கின் இந்த மறுபிறப்பு வியப்பளிக்கலாம்.) இலங்கையிலோ வானொலியே இசைத்தட்டைக் கொண்டுதான் பிறந்தது. 1923-இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிற்றறையிலிருந்து எட்வர்ட் ஹாப்பர் செய்த பரிசோதனை ஒலிபரப்பு இசைத்தட்டு இசையே. அதற்கான கருவியும் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளைக் கொண்டு ஆக்கப்பட்டது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். இந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்கியது கலையாயிற்று. கீர்த்தனை சுருங்கி உள்ளே போயிற்று. சினிமாப் பாட்டோ அம்மூன்று நிமிடத்தின் அளவெடுத்தே தைக்கப்பட்டது. விடிய விடிய ஆடும் நாட்டுக்கூத்து என்ன செய்யும்? பாசையூர், குருநகர், நாவாந்துறைக் கடற்றொழிலாளர் மத்தியிலே வளர்ந்த கூத்தை எந்தத் தட்டிலே அடக்குவது? அண்ணாவியார் ஒருவர் வரவு விருத்தத்தைத் தொடங்கி முடிக்குமுன் தட்டு தீர்ந்துவிடும்.

இச்சிக்கலை யூகோஸ்லாவியாவிலே ஒருவர் கைத்தொழிலாளியைப் போல் அணுகித் தீர்த்தார். ஹோமரின் காவியங்கள் வாய்மொழியாகப் பிறந்தவையா என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் மில்மன் பரி 1930-களின் நடுவிலே அங்குள்ள கதைப்பாடகர்களைத் தேடிச் சென்றார். இரண்டு சுழல்தட்டுகள் கொண்ட ஒரு கருவியை இதற்கென்றே செய்வித்து எடுத்துச்சென்றார். ஒன்றில் தட்டு நிறையும் கணத்தில் மற்றையது சுழலத் தொடங்கும், பாடகர் நிறுத்தவேண்டியதில்லை. பூச்சற்ற வெறும் அலுமினியத்திலே ஊசி வெட்டாமல் அழுத்தி வரைந்தது. அவற்றைத் திருப்பிக் கேட்க எஃகு ஊசி ஆகாது, முள்ளூசி வேண்டும். கள்ளிக்குப் பஞ்சமில்லாத நமது மண்ணிலே இதைப் படிக்கும்போது சிறிது ஏக்கம் பிறக்கத்தான் செய்கிறது. இவ்வாறு 3,500-க்கு மேற்பட்ட தட்டுகள் திரண்டன. பரி கண்ட பாடகர்களுள் தலைசிறந்தவரான அவ்தோ மெஜெதோவிச் எழுதப்படிக்கத் தெரியாதவர். இறைச்சி வெட்டும் தொழிலாளி. 12,000 அடிகளைத் தாண்டும் கதைப்பாடல்கள் அவர் வாயிலிருந்து வந்தன. கம்பனி எதுவும் அவரைத் தேடிப்போயிராது.

இதற்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். சம்பந்தம் நெருக்கமானது. க. கைலாசபதி பர்மிங்காமிலே மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்து, 1968-இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல், சங்கப் பாடல்களை வாய்மொழி மரபிலே வைத்து விளக்கியது. அந்நூலின் ஆய்வு முறைக்கு அடித்தளமாக நின்றவை பரியின் கண்டுபிடிப்புகளும் அவர் மாணவர் அல்பேட் லோட்டின் தொடர்ச்சியுமே. 1974-இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராக அமர்ந்தவரும் கைலாசபதியே. நம் விமர்சன மரபின் பெருங்கட்டடம் ஒன்று, ஓர் இறைச்சித் தொழிலாளியும் அவர் போன்றோரும் பாட, அலுமினியத்திலே வரைந்த கோடுகளின்மேல் நிற்கிறது. இதை எத்தனை வகுப்பறைகளில் சொல்லிக் கொடுக்கிறோம்? பாணனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம், நமது ஊர்ப் பாணன் பாடும்போது கருவியோடு போய் அமரவேண்டும் என்ற படிப்பினையை அந்நூலிலிருந்து எடுத்துக்கொண்டோமா?

சு. வித்தியானந்தன் 1960-களிலே கூத்துக்குச் செய்த தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் மேடையேற்றிய 'இராவணேசன்' போன்ற ஆக்கங்களும், 'அலங்கார ரூபன்', 'மூவிராசர்' முதலிய நாடகங்களின் பதிப்புகளும் இல்லையேல் இன்று பேசுவதற்கே நமக்கு முகமிராது. ஆனால் அச்சிட்ட கூத்துப் பிரதியைத் திறந்து பாருங்கள். 'தரு', 'விருத்தம்', 'கொச்சகம்' என்று தலைப்புகள் இருக்கின்றன. அத்தருவை எந்த மெட்டில், எங்கே இழுத்து, எங்கே மூச்சை வாங்கிப் பாடினார்கள் என்பது தாளிலே இல்லை. ஏடு காக்கப்பட்டது, தொண்டை காக்கப்படவில்லை. நமது விமர்சனம் எழுத்தையே இலக்கியமென்று கருதியதன் விலை இது. அவ்வெழுத்துக்கும் பாதுகாப்பில்லை என்பதை 1981-இல் யாழ்ப்பாண நூலகத்திலே ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தபோது கண்டோம். அவ்விழப்பை எண்ணிச் சொல்ல முடிந்தது. இழந்த குரல்களுக்கு எண்ணிக்கையே கிடையாது.

இனி, தலைகீழாக நின்ற அந்தச் சைக்கிளுக்குத் திரும்புவோம். குடாநாட்டு மக்கள் கேட்டதோடு நின்றார்கள் என்று கூறுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. அவர்களிடம் தட்டு வெட்டும் இயந்திரம் இருக்கவில்லை, ஒலிநாடா இருந்தது. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டு ஒலிநாடாவின் மேல்விளிம்பிலுள்ள சிறு தகடு உடைக்கப்பட்டிருக்கும். அதன் மீது வேறெதுவும் பதியக்கூடாது என்பது கம்பனியின் கட்டளை. அந்தப் பள்ளத்தை ஒட்டுத்தாளால் மூடிவிட்டால் கருவி ஏமாந்துபோகும். பழைய பாட்டை அழித்துப் புதிய குரலைப் பதியலாம். பழைய தட்டை அரைத்துப் புதுத் தட்டுச் செய்த கதையின் ஏழை வடிவம் இது. இம்முறையில் நாடகங்களும் கோயில் நாதசுரக் கச்சேரிகளும் திருமண வாழ்த்துகளும் வெளிநாட்டிலுள்ள மகனுக்குத் தாய் அனுப்பிய குரற்கடிதங்களும் பதிவாயின. பிலோனின் ஒலிக்கடித நிலையத்தை நமது தாய்மார் அறியார். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒருத்தி நாடாவின் இரு பக்கமும் நிறையும்வரை பேசினாளென்றால், அது நமது உரைநடை வரலாற்றிலே இடம்பெற வேண்டிய பனுவல்.

இயக்கப் பாடல்கள் முறையாக வெளியிடப்பட்டவை; அவை பல கைகளில் பல பிரதிகளாகத் தப்பி, இன்று இணையத்திலும் கிடைக்கின்றன. வீட்டு நாடாக்களுக்கோ பிரதி இல்லை. 1995 ஒக்டோபரிலே வலிகாமம் இடம்பெயர்ந்தபோது மூட்டையில் அவற்றுக்கு இடமிருக்கவில்லை. சோதனைக்கு அஞ்சிப் புதைத்தவர்களும் எரித்தவர்களும் உண்டு. எஞ்சியவை அலுமாரித் தட்டுகளிலே பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. 2005-இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகம் நூல்களோடு நில்லாமல் ஒலிப்பதிவுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துவருகிறது. ஆனால் மக்களின் அலுமாரிகளைத் திறக்க எந்த ஆவணகத்தாலும் தனித்து இயலாது.

ஆசிரியர்களே, மாணவர்களே, இவ்வேலைக்கு மானியம் வேண்டியதில்லை. ஒட்டிக்கொண்ட நாடாவை, திருகாணி கொண்ட இன்னொரு கூட்டுக்குள் மாற்றிப் பொருத்துவது பழைய ஒலிப்பதிவுக் கடைக்காரர் எவருக்கும் தெரிந்த வித்தை. அவரிடம் போய்க் கேளுங்கள். மேல்விளிம்பிலே தாள் ஒட்டிய நாடாக்களை முதலில் எடுங்கள். அட்டையில் ஏதோ ஒரு படத்தின் பெயர் இருக்கும். ஓரிரு பாட்டுகள் ஓடும். பாட்டு நடுவிலே வெட்டுண்டு, ஒரு இருமலும், தூரத்திலே நாய் குரைப்பதும், "பதியுதோ?" என்று யாரோ கேட்பதும் கேட்கும். அவ்விடத்திலே கருவியை நிறுத்திவிடாதீர்கள்.