அவ பாட்டுக்கு இருக்கா

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதலாண்டு படித்தபோது ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: அலோன், லோன்லி, சாலிட்யூட். துணைக்கு ஆள் இல்லாமல் இருப்பது முதலாவது. அதனால் வாடுவது இரண்டாவது. அதையே விரும்பி ஏற்று நிறைவாக இருப்பது மூன்றாவது. “தமிழில் இந்த மூன்றுக்கும் தனிமை என்ற ஒரே சொல்தான். நமக்கு அந்த நுட்பம் கைவரவில்லை” என்றார். நாங்கள் குறிப்பெடுத்துக்கொண்டோம். தேர்விலும் அப்படியே எழுதினேன். மதிப்பெண் வந்தது.

அந்த வாரம் ஏழாயிரம்பண்ணைக்கு வந்தபோது பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். தீப்பெட்டி ஆபீசிலிருந்து திரும்பி, வீட்டுக்கு வாங்கி வந்த பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். லோன்லி என்றதும், “லோனா? எந்தக் குழுவுல?” என்றாள். விளக்கினேன். கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நம்மகிட்டயும் மூணு இருக்குல்ல தாயி. ஒத்தையில இருக்கான்னா பயம். தனியா இருக்கான்னா பேச்சு. அவ பாட்டுக்கு இருக்கான்னா நிம்மதி.”

நான் அன்று சிரித்தேன். இந்தக் கட்டுரை அந்த மூன்று வாக்கியங்களுக்குத் தாமதமாக எழுதும் உரை.

முதலில் ஆங்கிலச் சொற்களையே பார்ப்போம். அலோன் என்பது ‘ஆல்’, ‘ஒன்’ என்ற இரண்டும் ஒட்டியது. முழுக்க ஒருவராக இருப்பது என்று பொருள். அதில் சோகம் இல்லை. அதன் முதலெழுத்து உதிர்ந்து லோன் ஆகி, அதிலிருந்து லோன்லி வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘கொரியோலேனஸ்’ நாடகம் அந்தச் சொல்லின் தொடக்ககாலப் பயன்பாடுகளில் ஒன்று. துணையற்ற ஆளையும் ஆளரவமற்ற இடத்தையும் குறித்த சொல், மனவாட்டத்தைக் குறிப்பதாக நிலைபெற்றது பிற்பாடுதான். சாலிட்யூட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. ஆக, கரும்பலகையில் கண்ட நுட்பம் ஆங்கிலத்தோடு பிறந்ததல்ல. காலப்போக்கில், யாரோ சிலருடைய வாழ்க்கையிலிருந்து உருவானது.

யாருடைய வாழ்க்கை? வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட ‘தனக்கென ஓர் அறை’யை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். எழுத விரும்பும் பெண்ணுக்கு ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் வேண்டும் என்ற வாதம் இன்றும் நிற்கிறது. தனித்திருப்பதை மனநிலையாகப் பார்க்காமல் வருமானக் கணக்காகப் பார்த்தது அவருடைய பெரிய கொடை. ஆனால், நூலில் கதைசொல்லும் பெண்ணுக்கு அந்த 500 பவுண்டு எப்படி வந்தது என்பதை நம் வகுப்பறைகளில் யாரும் நிறுத்திப் படிப்பதில்லை. பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த ஓர் அத்தை எழுதிவைத்துப் போன பணம் அது. இங்கிலாந்தில் ஒருத்தியின் சாலிட்யூடுக்கு வாடகை இங்கிருந்தும் போயிருக்கிறது.

ஆங்கிலமும் எல்லாப் பெண்களையும் சாலிட்யூடில் உட்காரவைக்கவில்லை. ஸ்பின்ஸ்டர் என்றால் முதலில் நூல் நூற்பவள். தன் கையால் பிழைத்த பெண்ணின் தொழிற்பெயர். 17ஆம் நூற்றாண்டுக்குள் அது திருமணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லானது, பிறகு ஏளனமானது. இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளிலிருந்து அது நீங்கியது 2005இல்தான். அவள் என்ன வேலை செய்தாள் என்பது மறைந்து, அவளுக்குப் புருஷன் இல்லை என்பது மட்டும் மிஞ்சியது.

தமிழிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் உரியியல், புலம்பு என்ற சொல்லுக்குத் தனிமை என்று பொருள் சொல்கிறது. இன்று புலம்பு என்றால் என்ன? அழுது அரற்றுவது. தனித்திருத்தல் என்ற நிலை, தனித்திருப்பவள் எழுப்பும் ஓசையாகச் சுருங்கி, “பொம்பளப் புலம்பல்” என்று ஒதுக்கித் தள்ளும் பேச்சாகிவிட்டது. ஆணுக்குத் தனிக்கட்டை என்றொரு சொல் உண்டு. அதில் கொஞ்சம் மிடுக்கும் உண்டு. பெண்ணுக்கு வாழாவெட்டி, முதிர்கன்னி, அறுதலி. ஒவ்வொன்றும் அவளைப் பெயரிடுவதாகச் சொல்லிக்கொண்டு, வராத அல்லது போய்விட்ட ஆணைப் பெயரிடுகிறது.

இனி பெரியம்மாவின் சொற்கள். ‘ஒத்தையில’ என்றால் பயம். எங்கள் ஊரில் விடியுமுன் கருவேலங்காட்டுக்கு ஒதுங்கப் போவதற்குக்கூடத் துணை தேடிய காலம் அது. ஆபீஸ் வேனில் நெருக்கியடித்துப் போய், கூட்டத்தோடு உட்கார்ந்து குச்சி அடைத்து, வீட்டுக்கு வந்தால் ஒரே அறையில் ஆறு பேர். பெரியம்மா ஒருநாளும் அலோன் ஆக இருந்ததில்லை. லோன்லியாக இருந்தாளா என்று யாரும் கேட்டதில்லை.

அறை என்ற சொல்லுக்கே எங்கள் வட்டாரத்தில் இன்னொரு பொருள் உண்டு. பட்டாசு ஆலைகளில் அறைகள் சிறிதாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. அனுமதித்ததைவிட அதிகம் பேர் உள்ளே இருந்தார்கள் என்பது விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வரி. 2021 பிப்ரவரியில் பக்கத்து அச்சங்குளத்தில் ஓர் ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே தனியாக இருக்க இடம் விடுவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த இடத்துக்கும் கூலிக் கணக்கில் விலை இருக்கிறது.

‘தனியா இருக்கா’ என்றால் பேச்சு. ஒரு வெடி விபத்தில் பெரியப்பா போன பிறகு பெரியம்மா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளையும் இல்லை. யார் வீட்டு வாசலில் நின்றாலும் அது செய்தி. வயதான பிறகு உதவித்தொகைக்கு மனு எழுதினேன். தமிழக அரசின் திட்டங்களில் தனித்து வாழும் பெண்ணுக்கு மூன்று கட்டங்கள்: ஆதரவற்ற விதவை, கணவனால் கைவிடப்பட்டவர், 50 வயதைக் கடந்த திருமணமாகாத ஏழைப் பெண். முதல் கட்டத்தை வாசித்துக் காட்டினேன். “ஆதரவு இல்லாதவளா? அப்ப உனக்கும் உங்க அக்காவுக்கும் பீஸு கட்டுனது யாரு?” என்றாள். பதில் சொல்லாமல் அந்தச் சொல்லையே எழுதினேன். அதை எழுதாவிட்டால் பணம் வராது.

‘அவ பாட்டுக்கு’ என்பதுதான் என் வகுப்பறை கேட்கத் தவறிய சொல். இந்தப் பாட்டு, பாடுகிற பாட்டு அல்ல, பாடு. பாடுபடுதல், வயிற்றுப்பாடு என்கிறோமே, அந்தப் பாடு. என் பாட்டுக்கு இருக்கிறேன் என்றால், என் உழைப்பும் என் கஷ்டமும் என்னோடு, நான் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று பொருள். இதில் இல்லாத ஆணும் இல்லை, இரங்கல் தேடும் குரலும் இல்லை. சாலிட்யூடில் ஓய்வின் வாசனை இருக்கிறது. இதில் வேலையின் வாசனை.

இதை மெருகேற்றிக் காட்டவும் நான் விரும்பவில்லை. “அவ பாட்டுக்குப் போறா, வாறா” என்று சொன்னால் அடங்காதவள் என்றாகும். “நீ உன் பாட்டுக்கு இரு” என்றால் வாயை மூடு என்றாகும். சொல் இருக்கிறது; பெண்ணுக்கு அதன்மேல் முழு உரிமை இன்னும் வரவில்லை. பெரியம்மா நிம்மதி என்று சொன்னது தன் அனுபவத்தை அல்ல, தன் ஆசையை என்று இப்போது நினைக்கிறேன்.

நான் இன்று மொழிபெயர்க்கிறேன். சாலிட்யூட் வரும்போதெல்லாம் தனிமை என்று எழுதிவிட்டு நகர்வதில்லை. இருப்பவள் யார், அது யாருடைய அறை, அவள் சும்மா இருக்கும் நேரத்துக்கு யார் பாடுபட்டார்கள் என்று பார்க்கிறேன். சில இடங்களில் ‘தன் பாட்டுக்கு இருந்தாள்’ என்று எழுதியிருக்கிறேன். அது பேச்சுவழக்கு, எழுத்துக்கு ஆகாது என்று ஒருமுறை பிழை திருத்தியவர் அடித்திருந்தார். மறுபடி எழுதி அனுப்பினேன்.