வாசலில் போட்ட எட்டு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பொம்மிடியில் முதலில் நின்றது பயணிகள் ரயில் சத்தம். சேலம்–ஜோலார்பேட்டை தடத்தில் போய்வரும் வண்டிகளை வைத்தே மணி சொல்லிப் பழகிய பெரியவர்களுக்குப் பொழுது பிடிபடாமல் போனது. மே மாதம் மத்திய உள்துறையின் ஆணை, 65 வயதைக் கடந்தவர்கள் அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் அன்றி வெளியே வரக்கூடாது என்றது. "எட்டு போட்டு நடங்க" என்ற யோசனை வாட்ஸப்பில் வீடு வீடாகப் பரவிய காலம் அது.

யோசனையில் சரக்கு உண்டு. மொட்டை மாடி வேண்டாம், பூங்கா வேண்டாம். வாசலும், அதில் எட்டு வரைய ஒரு பிடி கோலமாவும் போதும். வளைவில் நடக்கும்போது உள்கால் குறுகிய அடி வைக்கிறது, வெளிக்கால் நீண்ட அடி வைக்கிறது, உடம்பின் பாரம் பக்கவாட்டில் மாறுகிறது. வயதானவர்கள் பலர் தடுமாறுவது திரும்பும் அந்த நொடியில்தான். 5 அடி இடைவெளியில் இரண்டு கூம்புகளை வைத்து, எட்டு வடிவில் நடக்கச் சொல்லி முதியோரின் நடையைச் சோதிக்கும் முறை மருத்துவத்திலும் இருக்கிறது. சும்மா கிடப்பதன் விலையும் பெரிது: 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நலமாக இருந்த முதியவர்களே பத்து நாள் படுக்கையில் கால்களில் ஏறத்தாழ 1 கிலோ தசையை இழந்தார்கள்.

ஆனால் சர்க்கரை, மூட்டுவலி, கண்பார்வை எல்லாம் எட்டில் தீரும் என்று சேர்த்து அனுப்பினார்களே, அது தவறு. நடந்தால் சர்க்கரை குறையும். நேராக நடந்தாலும் குறையும். முட்டி தேய்ந்தவருக்கும் தலைசுற்றல் உள்ளவருக்கும் நெருக்கமான வளைவு ஆபத்து. தனியாக இருப்பவர் விழுந்தால் தூக்கிவிட யார்?

இதைவிடப் பெரிய குறை மனம் சார்ந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'வாக்கிங்' போனவர்கள் அல்லர். ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், டீக்கடைக்குப் போனார்கள், நூறு நாள் வேலைக்குப் போனார்கள். போன இடத்தில் நாலு பேர் இருந்தார்கள். வாசல் எட்டில் கால் நடந்தது. பேச்சுக்கு ஆள் இல்லை. பெங்களூரிலும் திருப்பூரிலும் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை நினைத்தபடி நூறு சுற்று சுற்றினால் உடல் களைக்கும். தூக்கம் வர அது போதாது. விவசாய வேலைகளுக்கு விலக்கு இருந்ததால் காட்டுக்குப் போய்வந்த பெரியவர்களை இந்த வாட்டம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதே நான் கண்டது. எதிரெதிர் வாசலில் ஒரே நேரத்தில் எட்டு போட்டுக்கொண்டு, சந்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாகக் கதை பேசிய இரண்டு பாட்டிகளும் தேறினார்கள். அதே எட்டு, அதே கோலமாவு.

ஊரடங்கு போனாலும் தனிமை போகவில்லை. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை தந்தது. நல்ல காரியம்தான். தனியாக இருக்கும் எழுபது வயது அம்மாவின் வாசலுக்கு அது வராது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வருகிறது. பிரஷர் மாத்திரையும் கொடுக்கிறது, தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் தருகிறது. மாத்திரை கொடுக்க வரும் பெண், அடுத்த வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு, இருவரையும் ஒரே வாசலில் ஐந்து நிமிடம் நடக்க விட்டுப் போகலாம். அதற்குத் தனி நிதி எதுவும் வேண்டியதில்லை.