போய்சன் கேட்ட வாசிப்பும் நாம் எழுதும் அறிக்கையும்

மருத்துவமனையில் மேற்பார்வையாளரின் கீழ் நடைபெறும் ஆயர்பணிப் பயிற்சியைப் பற்றி நம் இறையியல் கல்லூரிகளில் பேசுவோர் பலர். அதற்கு வித்திட்ட நூலைப் படித்தோர் சிலரே. ஆன்டன் போய்சன் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த ஆங்கில நூலின் தலைப்பை 'அகவுலக ஆராய்ச்சி' எனத் தமிழாக்கலாம். மாணவப் பருவத்தில் அதனை ஒரு வரலாற்று ஆவணமாகவே படித்தேன். சென்ற விடுமுறையில் மீண்டும் படித்தபொழுதோ, அது என்னையே விசாரணைக்கு உட்படுத்தியது.

போய்சன் முதலில் வனவியல் பயின்றவர். பின்னர் நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் பயின்று ஆயரானவர். 1920ஆம் ஆண்டில் கடுமையான மனநோய்க்கு ஆளாகி, ஓராண்டிற்கும் மேலாக மருத்துவமனையில் அடைபட்டிருந்தார். நலமடைந்த பின்னர், 1924இல் மசாசூசெட்ஸிலுள்ள வூஸ்டர் மாநில மனநோய் மருத்துவமனையில் ஆயராகப் பொறுப்பேற்றார். 1925ஆம் ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் சிலரை அங்கே அழைத்துக்கொண்டார். அவர்கள் பகலில் வார்டு ஊழியராக உழைத்தனர். மாலையில் தாம் கண்டதைக் கலந்தாய்ந்தனர். இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ள பயிற்சி இவ்வாறே தொடங்கியது.

நூலின் அடிப்படைக் கருத்து எளியது. எபிரெய மூலத்தையும் கிரேக்க மூலத்தையும் எழுத்தெழுத்தாய் ஆராயும் இறையியலார், துன்புறும் மனிதரையும் அதே கவனத்தோடு வாசிக்க வேண்டும் என்பதே அது. உயிருள்ள மனித ஏடு என அவர் குறிப்பிடுவது இதனையே. மனநோயாளர் 173 பேரின் வரலாறுகளை ஆராய்ந்து, சிலரிடத்தில் நோயின் கொந்தளிப்பு உடைந்த உள்ளம் தன்னைச் சீர்படுத்திக்கொள்ள எடுக்கும் முயற்சியே என்கிறார். ஜார்ஜ் பாக்ஸ், பனியன் போன்றோரின் ஆன்மிகப் போராட்டங்களை இந்நோக்கில் ஒப்பிடும் பகுதிகள் இன்றும் சிந்தனையைக் கிளறுகின்றன. குற்றவுணர்வை வெறும் நோய்க்குறியாகக் கொண்டு கரைத்துவிட அவர் இசையவில்லை. பாவம், மன்னிப்பு ஆகிய சொற்களை நாணமின்றி மருத்துவர்முன் வைத்த துணிவு பாராட்டத்தக்கது.

ஆயினும் நூலில் பெருங்குறை ஒன்றுண்டு. போய்சன் தம் நோயை வைத்தே பிறர் நோயை அளந்தார். தாம் கடந்துவந்ததைப் போன்ற பெரும் புயலில் அகப்பட்டோரிடம் அவருக்கு நம்பிக்கை மிகுதி. எதிர்த்து நில்லாமல் மெல்லமெல்ல ஒதுங்கிப்போகிறவர்களைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களில் அந்தப் பரிவின் சூடு இல்லை. நம் வார்டுகளில் படுத்திருப்போரில் பெரும்பாலோர் புயலில் அகப்பட்டவரல்லர். நீரிழிவினால் கால் இழந்தவர், டயாலிசிசுக்காக வாரந்தோறும் வருகிறவர், மகன் வீட்டுத் திண்ணையிலேயே முதுமையைக் கழித்து இங்கே வந்து சேர்ந்தவர் ஆகியோரே நம் ஏடுகள். தரிசனம் கண்டவனை வாசிக்க போய்சன் கற்பிக்கிறார். சலித்துப்போனவளை வாசிக்க அவரிடம் போதிய வழியில்லை.

அவருக்குப் பின் வந்தோர் வேறொரு திசையில் சென்றனர். ரசல் டிக்ஸ் பாஸ்டனில் புகுத்திய உரையாடல் அறிக்கை முறை, பயிற்சியின் முதுகெலும்பாயிற்று. நோயாளரோடு பேசியதை மாணவர் நினைவிலிருந்து வரிவரியாக எழுதி, எண்ணிட்டு, குழுவின்முன் வைக்கிறார். இது நல்ல முறையே. நானும் அதில் பயின்றவன்தான். ஆனால் நாளடைவில் ஏடு இடம் மாறிவிட்டது. "அவர் அப்படிச் சொன்னபொழுது உமக்கு என்ன தோன்றியது?" என்னும் வினாவே குழுவை ஆட்கொள்கிறது. மாணவர் தம்மை அறிதல் இன்றியமையாதது என்பதை மறுக்கவில்லை. எனினும் ஒரு மணிநேர அமர்வு முழுவதும் மாணவரின் உள்ளமே வாசிக்கப்படுமாயின், கட்டிலில் இருப்பவர் வெறும் முன்னுரையாகிவிடுகிறார்.

இதை எழுத எனக்குத் தகுதியில்லை என்பதற்குச் சான்றும் என்னிடமே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனை ஒன்றில் என் மேற்பார்வையில் பயின்ற இளைஞர் ஒருவர், முதிய தாயார் ஒருவரைச் சந்தித்து ஆங்கிலத்தில் அறிக்கை கொணர்ந்தார். ஆங்கிலத்தில் எழுதுவது அக்காலத்தில் எங்கள் வழக்கம். சுருக்கமான உரையாடல், இறுதியில் ஜெபம். நான் வழக்கமான வினாவைக் கேட்டேன். பேச்சு அவருடைய பாட்டியாரின் மரணத்திற்குச் சென்று, அமர்வு அங்கேயே முடிந்தது. நல்ல அமர்வு என்று குறிப்பும் எழுதினேன்.

பயிற்சி முடிந்து சில மாதங்களுக்குப்பின் அவரே வந்து, "ஐயா, அந்த அம்மாவைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். அதில் அந்தத் தாயார் தொடக்கத்தில் அவரைத் "தம்பி" என்றே அழைக்கிறார். நடுவில், "நல்லாத்தான் இருக்கேன் ஐயரே, ஆனா ஒரு கணக்கு பாக்கி இருக்கு" என்கிறார். தம்பி ஐயரான இடம் அதுதான். ஆங்கில அறிக்கையில் இவ்விரு விளிகளும் இல்லை. 'நலமாயிருக்கிறேன்' என்பது மட்டுமே இருந்தது. மருமகள் கட்டிலருகே அமர்ந்திருந்ததும் அதில் இல்லை. நோயாளருக்கும் ஆயருக்கும் எண்ணிட்ட வரிகள் உண்டே தவிர, மூன்றாமவருக்கு அப்படிவத்தில் இடமேது? மாணவர் அவ்விடத்தில் அஞ்சி, உடனே ஜெபித்துவிட்டார். ஆமென் சொன்னபின், "சரி தம்பி, நீங்க போய்ச் சாப்பிடுங்க, நேரமாச்சு" என்று அவர் அனுப்பிவிட்டார். மறுநாள் குடும்பத்தார் அவரை வீட்டிற்கு அழைத்துச் சென்றுவிட்டனர். அந்தக் கணக்கு யாரோடு என்பதை நாங்கள் அறியவில்லை.

கிரேக்கத்தில் ஒரு வேற்றுமை உருபு மாறினால் அரை மணிநேரம் விளக்கும் ஆசிரியன் நான். ஒரு மனுஷி தன் வாயால் விளி மாற்றியதைத் தவறவிட்டேன். அதைத் தவறவிடும்படியான மொழியில் எழுதவும் மாணவருக்குக் கட்டளையிட்டிருந்தேன். போய்சனின் குறைகளை மேலே எண்ணிச் சொன்னேன். இந்தத் தவறு அவற்றுள் அடங்காது.

இப்பொழுது என்னிடம் வரும் மாணவர், நோயாளர் பேசிய வழக்குமொழியிலேயே, திருத்தாமல் எழுத வேண்டும். உடனிருந்தோர் யாவர், எங்கே அமர்ந்தனர் என்பதையும் தாளின் தலைப்பில் குறிக்க வேண்டும். முதல் அரைமணி நேரம் மாணவரின் உணர்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இம்முறை மெதுவானது; ஆங்கிலம் மட்டுமே அறிந்த விருந்தினரான மேற்பார்வையாளருக்கு இதனால் இடர்ப்பாடும் உண்டு. சென்ற பருவத்தில் ஒரு மாணவி எழுதிய நான்கு வரிகளில் மூன்று மணிநேரம் சென்றது. ஐந்தாம் வரிக்கு நாங்கள் இன்னும் வரவில்லை.