‘விசாரணை’: மொழி மீட்டதும் மொழி காவாததும்

பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் சென்ற ஒருவன், அவ்வூரில் நிகழ்ந்த களவுக்குக் கள்வனாக்கப்பட்டு, விசாரணையின்றிக் கொல்லப்பட்ட கதையைத் தமிழர் பல நூற்றாண்டுகளாகப் படித்து வருகின்றனர். புகாரை விட்டு மதுரைக்கு வந்த கோவலனுக்கு அந்நகரில் அறிமுகமில்லை. அவன் பக்கம் பேச ஆளில்லை. கையில் இருந்த சிலம்பு ஒன்றே அவனுக்கு எதிரான சான்றாயிற்று. பொற்கொல்லன் சொல்லை மன்னன் நம்பினான், எதிர்த்தரப்பைக் கேட்கவில்லை. கோவலனைக் கொன்றவர் வேற்று மொழியினர் அல்லர் என்பதையும் நாம் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். அவன் பேசியதும் தமிழ். அவனுக்குக் கொலைத்தீர்ப்பு வழங்கப்பட்டதும் தமிழிலேதான்.

இப்பழங்கதையை நம் நெஞ்சில் மீண்டும் எழுப்பிய திரைப்படம் வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’. 2015 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, மனித உரிமைக்கான அம்னஸ்டி இத்தாலியாவின் விருதைப் பெற்ற இப்படம், 2016 பிப்ரவரி 5 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. சிறந்த தமிழ்ப்படம் என்னும் தேசிய விருதோடு, துணை நடிகருக்கான விருதைச் சமுத்திரக்கனிக்கும், படத்தொகுப்புக்கான விருதை மறைந்த கிஷோருக்கும் ஈட்டித் தந்தது. ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் இதுவே. விருதுகளின் பட்டியல் ஒரு படைப்பின் தகுதியை முழுதும் உரைத்துவிடாது. ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு இப்படம் சொல்லும் செய்தி என்ன என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையின் வேர் உண்மை வாழ்வில் இருக்கிறது. கோவையில் ஆட்டோ ஓட்டுநராக வாழ்ந்த மு. சந்திரகுமார், 1983இல் குண்டூரில் தாம் பட்ட காவல் கொடுமையை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார். அதனைத் தழுவியதே படத்தின் முற்பாதி. பாண்டி, முருகன், அப்சல், குமார் என்னும் நான்கு தமிழ் இளைஞர் குண்டூரில் கூலி வேலை பார்க்கின்றனர். வாடகை மிச்சமாகட்டும் என்று பூங்காவிலே படுத்துறங்குகின்றனர். பெரியதோர் இடத்தில் களவு போயிற்று, மேலிடத்திலிருந்து நெருக்கடி, வழக்கை முடித்தாக வேண்டும். கேட்பாரற்ற நால்வரும் காவல் நிலையத்திற்கு இழுத்துவரப்படுகின்றனர். எக்குற்றத்திற்காக அடிபடுகிறோம் என்பதைக்கூட அறியாமல் அவர்கள் அடிபடும் காட்சிகள் நம்மை நடுங்க வைக்கின்றன.

அடித்தே ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டிய தேவை காவலர்க்கு ஏன் வந்தது? காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. 2024 ஜூலை முதல் அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டமும் அதனைக் கைவிடவில்லை. ஆகவே காவல் நிலையத்தில் தலையாட்டினால் மட்டும் போதாது. நீதிபதியின் முன்னும் தலையாட்ட வேண்டும். அந்த ஒரு தலையசைப்புக்காகத்தான் அத்தனை அடியும். கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவும் ஏட்டில் இருக்கிறது. எளியவனைக் காக்க எழுதிய விதிகளே அவன் முதுகில் பிரம்பாக இறங்கும் விந்தையை இப்படம் வசனத்தால் விளக்காமல் நிகழ்ச்சியால் காட்டுகிறது. படைப்பாளியின் முதல் வெற்றி இது என்போம்.

இரண்டாவது வெற்றி, மொழியைக் கையாண்ட திறம். நீதிமன்றத்தில் நிற்கும் நால்வருக்கும் தெலுங்கில் தம் நிலையை எடுத்துரைக்க இயலவில்லை. நீதிபதிக்குத் தமிழ் தெரியவில்லை. வேறொரு வேலையாக அங்கு வந்திருந்த தமிழகக் காவல் ஆய்வாளர் முத்துவேல் மொழிபெயர்க்கிறார். உண்மை வெளிப்படுகிறது, நீதிபதி விடுதலை செய்கிறார். அரங்கில் இருக்கும் தமிழர் நெஞ்சு அப்போது நிமிர்கிறது. “நம்மவன் ஒருவன் இருந்ததால் பிழைத்தார்கள்” என்று பெருமூச்சு விடுகிறோம். படம் இங்கேயே முடிந்திருந்தால், ‘வேற்று மாநிலத்தில் தமிழன் பட்ட பாடு’ என்ற வகையில் நம் உணர்ச்சிக்குத் தீனி போட்ட படமாக நின்றிருக்கும்.

ஆனால் இயக்குநர் தாமாகச் சேர்த்த பிற்பாதி அந்தப் பெருமூச்சைத் திருப்பி வாங்கிக் கொள்கிறது. விடுவித்த முத்துவேலுக்குக் கைம்மாறாக, கே.கே. என்னும் கணக்காயரைப் பிடித்துச் செல்ல அவர்கள் உதவ நேர்கிறது. அப்பாத்திரத்தில் நம் கன்னட நாட்டுக் கலைஞர் கிஷோர் நடித்திருக்கிறார். நால்வரில் ஒருவன் வழியில் இறங்கிவிட, மூவர் சென்னைக்கு வந்து காவல் நிலையத்தைத் துப்புரவு செய்கின்றனர். அங்கே கே.கே. காவலில் இறக்கிறார், அதனை மறைக்கச் சூழ்ச்சி நடக்கிறது, அதனைக் காதாற் கேட்டுவிட்ட மூவரும் இருக்கக் கூடாதவர் ஆகிவிடுகின்றனர். அவர்களைக் கொள்ளையர் என முத்திரையிட்டுச் சுட முடிவாகிறது. பேசப்படும் மொழி தமிழ். நிற்கும் மண் தமிழ் மண். ஆனால் காக்க ஆளில்லை. கோவலனைக் கொண்டு தொடங்கியது இதன் பொருட்டே. அங்கே தீர்ப்பளித்தவன் பாண்டியன். இங்கே சாகிறவன் பெயர் பாண்டி.

உலகத் திரையில் இதற்கு ஓர் இணை தேடின் தென்னாப்பிரிக்காவின் ‘சோட்சி’ நினைவுக்கு வருகிறது. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிய கரும்புத் தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வாழும் நாடு அது. தில்லையாடி வள்ளியம்மையை நமக்குத் தந்த போராட்டம் நிகழ்ந்த நாடு. அத்தோல் ஃபுகார்டின் நாவலில் 1950களில் நிகழும் கதையைக் கேவின் ஹூட் 2005இல் படமாக்கியபோது, நிறவெறிச் சட்டங்கள் நீங்கிய காலத்திற்கு மாற்றினார். அது 2006இல் ஆஸ்கர் விருதும் பெற்றது. 1994இல் ஆட்சி மாறிற்று. எனினும் தகரக் குடிசையும் மாளிகை மதிலும் மாறவில்லை என்பதே அப்படத்தின் உட்பொருள். அங்கே கதைத் தலைவன் மெய்யாகவே குற்றம் புரிந்தவன்; அவன் தவறிக் கவர்ந்து வந்த குழந்தை அவனை மனிதனாக்குகிறது. ‘விசாரணை’யில் குற்றமற்றவர் குற்றவாளியாக்கப்படுகின்றனர், அவர்களை மீட்க எக்குழந்தையும் வருவதில்லை. ஆறுதல் கூறி அனுப்பாத துணிவில் நம் படமே ஒருபடி மேல் என்பது எம் கருத்து.

குறைகளும் உண்டு. அடிக்கும் காட்சிகள் அளவு கடந்து நீள்கின்றன. ஓரெல்லைக்கு மேல் பார்வையாளன் இரங்குவதை விட்டு மரத்துப் போகிறான். சாந்தி என்னும் பணிப்பெண் பாத்திரம் தொட்டும் தொடாமலும் விடப்பட்டிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் அரசவை ஏறி வழக்குரைக்கக் கண்ணகி இருந்தாள். இங்கே மாண்டவர்க்காக எழும் குரல் ஒன்றும் இல்லை. இக்கால உண்மை அதுவே என்று இயக்குநர் கூறலாம். ஆயினும் வீட்டில் காத்திருக்கும் தாயின் முகமொன்றைக் காட்டியிருந்தால், இறந்தவர் எண்ணிக்கையாகாமல் மக்களாக நிலைத்திருப்பர். முற்பாதியில் தெலுங்கு பெரும்பாலும் அச்சுறுத்தும் ஓசையாகவே ஒலிப்பதும் ஒரு குறைதான். நீதி வழங்கியவரும் தெலுங்கர் என்பது அதனை ஓரளவே ஈடு செய்கிறது.

இனி நம்மைப் பார்ப்போம். பெங்களூரில் வாழும் நம் மூத்தோர் 1991 டிசம்பரை மறந்தவர் அல்லர். இப்படம் வெளிவந்த ஆண்டிலேயே, 2016 செப்டம்பர் 12 அன்று, காவிரியின் பெயரால் இந்நகரத் தெருக்களில் எரிந்த தீயை இளையோரும் கண்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவலர் துப்பாக்கிக்கு 20 தமிழ்க் கூலியாட்கள் பலியான செய்தி கேட்டுக் கொதித்தோம். அக்கொதிப்பு நியாயமானதே. ஆனால் 2012 பிப்ரவரி 23 அன்று சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர் என்று ஐயுறப்பட்ட வடமாநிலத்தார் ஐவர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் விசாரணை எங்கே என்று கேட்டோம்? 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் மாண்டபோது, அடித்தவர்க்கும் அடிபட்டவர்க்கும் தாய்மொழி ஒன்றாகத்தானே இருந்தது?

சங்கம் வைத்து மொழி வளர்ப்பவர் நாம். வந்த ஊரில் நமக்கொரு முகவரியும் துணையும் தந்தது தமிழே; அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடுண்டு கிடந்து 2009இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையை நாடிச் செல்லும் போதெல்லாம் அதை உணர்கிறோம். மொழி உறவு தரும். நீதியைத் தானே தந்துவிடாது. கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனை எந்த மொழி பேசும் அரசனுக்கும் விலக்கு என்று எழுதி வைக்கவில்லை.

நம் வீட்டுக் கட்டடத்தில் செங்கல் சுமக்கும் ஒடியாக்காரனும் பீகாரியும் இன்று இந்நகரின் பாண்டியும் முருகனும் ஆவர். தெருவில் ஒரு பொருள் களவு போனால் நம் விரல் முதலில் யாரை நோக்கி நீள்கிறது என்று எண்ணிப் பார்ப்போமாக. அவ்விரலைச் சற்றே தடுத்து நிறுத்தினால், இப்படத்தை நாம் செவ்வனே பார்த்தவராவோம்.