நிகழ்பட விளையாட்டுகளின் தொழில்நுட்பத் திறனாய்வும் ஆடுவோர் மகிழ்ச்சியும்

நிகழ்பட விளையாட்டுகளின் தொழில்நுட்பத் திறனாய்வு என்பது, ஒரு வீடியோ கேம் குறிப்பிட்ட கருவியில் எவ்வாறு இயங்குகிறது என்பதை அளந்து கூறும் திறனாய்வு முறையாகும். நொடிக்கு எத்தனை பிரேம்கள் திரையில் தோன்றுகின்றன, படம் எவ்வளவு தெளிவாக உள்ளது, விரல் தொட்டதற்கும் திரை அசைவதற்கும் இடையே எவ்வளவு நேரம் செல்கிறது என்பனவற்றை இது ஆராய்கிறது. ரிச்சர்ட் லெட்பெட்டர் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய டிஜிட்டல் ஃபவுண்டரி இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இவ்வகை அளவீடு ஆடுவோரின் மகிழ்ச்சியைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்பது விவாதத்துக்குரியது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடத்தில், சாதாரணக் கைப்பேசியில் ஆடும் மாணவரை மனத்தில் கொண்டு பார்த்தால் இவ்விவாதத்தின் இரு பக்கங்களும் தெளிவாகின்றன.

அளவீட்டின் அடிப்படை

நொடிக்கு 60 பிரேம்கள் வந்தால் ஒவ்வொரு பிரேமும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி திரையில் நிற்கும். 30 பிரேம்கள் என்றால் 33.3 மில்லிநொடி நிற்கும். ஆனால் சராசரியை மட்டும் பார்ப்பது போதாது. பிரேம்கள் சீரான இடைவெளியில் வரவேண்டும். ஒரு மணி நேரத்தில் நான்கு பேருந்துகள் உண்டு என்றாலும், நான்கும் அடுத்தடுத்து வந்து போய்விட்டால் காத்திருப்பவருக்கு என்ன பயன்? அதுபோலவே, சராசரி 30 இருந்தும் இடைவெளி சீராக இல்லாத ஆட்டம் கண்ணுக்குத் தடுமாறித் தெரியும். 'ஏதோ சரியில்லை' என்று மட்டும் உணர்ந்தவருக்கு அதன் காரணத்தைச் சொன்னது இத்திறனாய்வின் முதல் தொண்டு.

நன்மைகள்

2020 டிசம்பர் 10 அன்று வெளியான சைபர்பங்க் 2077, பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் மிக மோசமாக இயங்கியது. அதே மாதத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கியது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. விளம்பரத்தில் கண்டதற்கும் வீட்டில் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அளவீடுகள் எண்களாக முன்வைத்தன. வாங்குபவரின் பணத்தைக் காக்கும் இப்பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது.

கைப்பேசி ஆட்டங்களிலும் இவ்வறிவு உதவுகிறது. 2018-இல் வந்த பப்ஜி மொபைலில் பலர் படத்தின் அழகைக் குறைக்கும் 'ஸ்மூத்' அமைப்பையும், பிரேம்களை உயர்த்தும் 'எக்ஸ்ட்ரீம்' அமைப்பையும் சேர்த்து வைத்து ஆடினர். அழகைவிட இங்கு வேகமே தேவை என்பதை அளவீட்டிலிருந்து கற்றனர்.

ஆட்டம் தடைபடுவதற்குக் காரணம் ஒன்றல்ல. கைப்பேசி சூடேறினால் அதன் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பிரேம்கள் குறையும். இணைய இணைப்பு மெலிந்தால் 'பிங்' ஏறும். பிரேம்கள் குறையாமலே ஆட்டம் பின்தங்கும். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலையும் கிழக்கே வருசநாட்டு மலையும் நிற்கின்றன. மலை மறைக்கும் இடத்தில் அலைபேசி அலை மெலிவது இயல்பு. அந்த இடத்தில் விலை உயர்ந்த புதுக் கைப்பேசி வாங்கினாலும் பிங் இறங்காது. இதை அறிந்த மாணவர் வீட்டில் வீண்செலவு வைக்கமாட்டார்.

குறைகள்

நிண்டெண்டோ 64 கருவியில் 1998-இல் வெளிவந்த ஒக்கரினா ஆஃப் டைம், நொடிக்குச் சுமார் 20 பிரேம்களில் இயங்கியது. இன்றும் தலைசிறந்த ஆட்டங்களில் ஒன்றாக அது போற்றப்படுகிறது. 2015-இல் வந்த பிளட்போர்னில் பிரேம் இடைவெளி சீராக இல்லை என்பதைத் திறனாய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். அதற்கும் பெருங்கூட்டம் ரசிகர்கள் உண்டு. இன்பம் எண்ணோடு மட்டும் கட்டுண்டதல்ல என்பதற்கு இவை சான்று.

நுட்பம் அறிந்தால் ரசனை கெடும் என்பதும் முழு உண்மையல்ல. இப்பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாடல்களை ராகம், தாளம், அடியில் தனி மெட்டாக ஓடும் பேஸ் கிட்டார் என்று பிரித்து விளக்குவோர் பலர். அவ்விளக்கத்தைக் கேட்டபின் பாடல் இன்னும் இனிக்கிறது. காரணம், கேட்பவர் அப்பாடலை முன்பே பலமுறை கேட்டு மகிழ்ந்தவர். விளக்கம் பின்னால் வருகிறது.

விளையாட்டில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிறது. ஆட்டம் கைக்கு வருமுன்பே அளவீடு வந்துவிடுகிறது. ஆடத் தொடங்குபவர் திரை மூலையில் ஓடும் பிரேம் எண்ணைப் பார்த்தபடி ஆடுகிறார். 60 என்பது 52 ஆனால், கண் உணராத குறையையும் மனம் உணர்கிறது. குறளை அலகிட்டு, ஈற்றுச்சீர் நாளா மலரா காசா பிறப்பா என்று கண்டபின், பொருளைப் படிக்காமலே பக்கத்தைத் திருப்பும் மாணவரின் நிலை இது. அலகிடுதல் தவறல்ல, அதோடு நின்றுவிடுவதே தவறு.

யாருடைய கருவி?

இன்னொரு குறை, அளவீடுகள் பெரும்பாலும் விலை உயர்ந்த கருவிகளை அளவுகோலாகக் கொள்வது. உயர்ந்த கருவியில் கிடைப்பதே 'சரியான' அனுபவம் என்று திரும்பத் திரும்பக் கேட்கும் இளைஞருக்கு, நேற்றுவரை மகிழ்ச்சி தந்த கைப்பேசி இன்று குறையுள்ளதாகத் தோன்றுகிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோர் வாழும் பகுதி இது. அத்தகைய வீட்டில் புதுக் கைப்பேசி என்பது பல நாள் கூலி. ஆட்டம் மாறவில்லை, கைப்பேசியும் மாறவில்லை. ஒப்பீடு மட்டுமே புதிதாக வந்தது. அந்த ஒப்பீட்டின் விலையைப் பெற்றோர் தருகின்றனர்.

மதிப்பீடு

தொழில்நுட்பத் திறனாய்வு வாங்குபவருக்குக் காவலாகவும், தடையின் காரணத்தைத் தேடுபவருக்கு வழிகாட்டியாகவும் அமையும்போது மகிழ்ச்சியைக் கூட்டுகிறது. ஆட்டத்தின் மதிப்பையே எண்ணால் முடிவு செய்யும்போது மகிழ்ச்சியைக் குறைக்கிறது. நல்ல திறனாய்வு எளிய கைப்பேசியிலும் ஆட்டத்தை அளந்து காட்டவேண்டும். எந்தக் குறை ஆட்டத்தைக் கெடுக்கும், எது கெடுக்காது என்பதையும் சொல்லவேண்டும். ஆடுபவர் முதலில் தாமே ஆடிப் பார்த்து, உறுத்தல் இருந்தால் மட்டும் அளவீட்டை நாடுவது நன்று. உறுத்தல் இல்லாதபோது எண்ணைத் தேடவேண்டிய தேவை இல்லை.