சுவரேறும் நீலம்

வெள்ளைத் துணிக்கென்று வாங்கும் நீலப்பொடிக்குச் சுவரிலும் வேலை உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியதும் அது சீறிக் கொதிக்கும். ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலத்தைச் சிறு முடிச்சாகக் கட்டி அதில் அலசுவார்கள். வெண்மையில் ஒளிந்திருக்கும் மஞ்சளை நீலம் அடக்கிவிடுகிறது. அளவுதான் கைப்பக்குவம், சற்றுக் கூடினால் சுவரே நீலம் பாரித்துவிடும். வெள்ளையடிக்கும் நார்மட்டை சரக் சரக்கென்று ஏறி இறங்கும்போது ஈரச்சுவர் மங்கலாக, அழுக்குப் படிந்ததுபோல்தான் தெரியும். பொறுத்திருக்க வேண்டும். காயக் காய, ஓரங்களிலிருந்து வெளுப்பு மெல்லப் பரவி, வெயில் பட்டதும் கண் கூசும். அந்த வெண்மையின் குளுமை அலாதியானது. மிஞ்சிய பொடி கோலமாவில் கலந்து வாசலுக்குப் போகும்.