மின்விசிறி இல்லாத அறை

ஊட்டிக்குப் போனால் சாதாரண லாட்ஜில்தான் தங்க வேண்டும் என்பது என் கட்சி. பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் அருகருகே இருக்கும் ஊர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரத்தில் அறை கிடைக்கும். பழைய லாட்ஜுகள் பலவற்றில் மின்விசிறியே இருக்காது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் அதற்கு என்ன வேலை? கோடை முழுதும் புழுங்கிக் கிடந்தவருக்கு, விசிறி தொங்காத அந்தக் கூரையைப் பார்ப்பதே ஒரு சுகம்.

போனில் அறை சொல்லும்போது டிவி உண்டா என்று கேட்க வேண்டாம். வெந்நீர் எந்நேரம் வரும், கம்பளி ஒன்றா இரண்டா, ஜன்னல் கிழக்குப் பார்த்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படியும். அந்த நாட்களில் காலை வெயில் நேரே கட்டிலில் விழும் அறை பெரும் பாக்கியம். ஜூன், ஜூலை மழையிலோ மெத்தையும் போர்வையும் ஈரம் கோத்துக்கொள்ளும். அப்போது தரைத்தள அறையைத் தவிர்த்து, மாடியில் கேட்பது நல்லது.

மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம், வாடகை எகிறிவிடும். சொந்த வண்டியில் வருகிறவர்கள் மலைக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காலை மலை ரயில் ஏறினால் அந்தக் கவலையும் இல்லை; 46 கிலோமீட்டரை நிதானமாக ஏறி, நண்பகல் வாக்கில் லாட்ஜுக்கு நடந்தே போய்விடலாம்.